தூண் இடித்ததாகச் சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே சுகம் என்று போனில் சொன்னாய், ஆனால் அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, வேறு யார் மூலமாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வரை நீ சுகம் என்று நம்புவதாக இல்லை. கோபப்படாதே, என் சுபாவம் உனக்குப் புதிதா என்ன. கடைக்காரர் எடை போட்டால் எல்லோரும் தராசு முள்ளைப் பார்ப்பார்கள், நான் தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பேன். அம்மா கண்ணாடி முன்னாடி நின்னா எதிர்ல நிக்கிறவ யாருன்னு விசாரிப்பாங்க என்று உன் தம்பி கிண்டல் செய்கிறான். செய்யட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, பேச்சோடு பேச்சாக, உன் கம்பெனி கொடுத்த காரின் கதவு நசுங்கிவிட்டது, வண்டி நிறுத்துமிடத்தில் தூண் இடித்துவிட்டது என்றாய். தூண் இடித்ததாம். தூணுக்குக் காலா இருக்கிறது, நடந்து வந்து இடிக்க. நான் மேற்கொண்டு கேட்பதற்குள் என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாய். நீயாக என் முழங்காலை விசாரித்தால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம், பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே அப்படித்தான். ஆபீசில் சொல்லிவிட்டாயா என்று கேட்டதற்கு, சொல்லவில்லை, சொன்னால் நல்ல ஓட்டுநர் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் காதும் காதும் வைத்த மாதிரி சரிசெய்துகொள்கிறேன் என்றாய். இராத்திரியெல்லாம் நோயாளிகள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, கட்டு மாற்றி, விடிந்தபின் அந்தக் காரை நீயே ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறாய். நீ ஓட்டும்போது தூங்கிவிடுகிறாயோ என்று சந்தேகப்படுகிறேன். போனில் தூங்கினாயா என்று கேட்டதற்கு முழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சத்தியம் செய்தாய், மறுபடி கேட்டால் சிக்னல் இல்லை என்பாய், அதனால்தான் இந்தக் கடிதம். எனக்கு ஏன் இந்தச் சந்தேகம் வந்தது என்பதற்கு உன் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும், இத்தனை நாள் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நீ போன பிறகு எங்கள் கம்பெனியில் நிறைய மாறிவிட்டது. அதே வேலைதான், ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்குப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வாங்கிவந்து வெளுத்து, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புகிறோம். முழங்கால் வலியால் என்னை இஸ்திரிப் பிரிவிலிருந்து மாற்றி, வண்டிச் சாவிகள் கொடுத்து வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, இப்போது எல்லோருக்கும் நான் சாவியக்கா. ஒவ்வொரு வேனுக்கும் ஒரு கொக்கி, காலையில் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன், திரும்பி வந்ததும் வாங்கி மாட்டுவேன், எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று கொக்கிகளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள், விபத்தில்லாமல் கழிந்த நாட்கள் என்று எழுதி, கீழே எண்ணை மாற்றிப் போடுகிற மாதிரி. மூன்று மாதம் விபத்தே இல்லாமல் போனால் இஸ்திரி போடுகிறவர்கள் முதல் மேனேஜர் வரை அத்தனை பேருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை. யாராவது ஒருவர் வண்டியில் சின்னக் கீறல் போட்டாலும் எண் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும், எல்லோருக்கும் விடுமுறை போச்சு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. எண் ஏறிக்கொண்டே போனது, எங்கள் டிரைவர்கள் எல்லாம் ஒரே நாளில் மகான்களாகிவிட்டார்கள் என்று மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்தது. எங்கள் டிரைவர்களை எனக்குத் தெரியாதா, கேட்டை விட்டு வெளியே போவதற்குள்ளேயே ஒருவரை ஒருவர் உரசிக்கொள்கிறவர்கள். அந்த மூன்று மாதம் முடிந்ததும் ஒரு கூட்டம் வைத்து, மிகக் கவனமான ஓட்டுநர் என்று உன் அப்பாவுக்குக் கைதட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வாங்கி வந்தவர் அதைக் கூடத்தில் மாட்டவில்லை, பழைய பக்கெட்டும் துடைப்பமும் கிடக்கும் அறையில், கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டினார். ஏன் அங்கே என்றேன். அங்கதான் ஆணி இருந்துச்சு என்றார். ஆணியை அவரே அப்போதுதான் அடித்தார், சுத்தியல் சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது.

அந்த வாரம்தான் அவருடைய சட்டையைத் துவைக்கப் போட்டபோது கை மடிப்பில் நீல நிறத்தில் ஒரு தீற்று. பெயிண்ட்டா என்று முகர்ந்து பார்த்தேன், நகப்பூச்சு. என் வயதில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கணவன் சட்டையில் நகப்பூச்சு கிடைத்தால் என்ன தோன்றும் என்று நீயே யோசித்துப் பார். அதுவும் நீலம். சிவப்பாக இருந்திருந்தால்கூடப் பஸ்ஸில் யாரோ உரசினார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உன் சித்திக்குப் போன் செய்தேன், அது என் முதல் தவறு. அக்கா, இந்த வயசுல ஆம்பளைங்களுக்குத் திடீர்னு ஒரு மாதிரி ஆகும், கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாள், எனக்குத்தான் தூக்கம் போனது. மறுநாள் ஜன்னலை மூடிவிட்டு இஸ்திரிப் பிரிவுக்குப் போய், சும்மா பார்க்க வந்தவள் மாதிரி ஒவ்வொருத்தி கையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு நகத்திலும் நீலம் இல்லை. அங்கே மேற்பார்வை பார்க்கிறவள் என்னோடு பல வருஷம் இஸ்திரி போட்டவள், அவள் என்ன அக்கா கைரேகை பாக்க வந்தீங்களா என்றாள். நான் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள். எங்கள் வேன்களின் நீலமும் அந்த நகப்பூச்சின் நீலமும் அச்சு அசல் ஒன்று. டிரைவர்கள் கீறல் போட்டு வந்தால் பலகையில் எண் விழாமல் இருக்க, பின்பக்க கேட்டுக்கு வெளியே இருக்கும் டிங்கர் கடைக்காரர் பள்ளத்தை நிமிர்த்திக் கொடுப்பாராம், இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கீறலுக்கு நகப்பூச்சு தடவிக் கொடுப்பார்களாம். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரியாது. உங்ககிட்ட சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பீங்க, அதான் என்றாள்.

பெண் விவகாரம் இல்லை என்று தெரிந்து அரை மூச்சு விட்டேன், மீதி அரை மூச்சு நின்றுவிட்டது. கவனமான ஓட்டுநர் என்று கடிகாரம் வாங்கியவரின் சட்டையில் அந்தப் பூச்சு எப்படி வந்தது. வண்டியில் என்ன ஆனது என்று வீட்டில் கேட்டேன். கேட்டு உரசிடுச்சு என்றார். எந்த கேட் என்றேன். ஒரு கேட்டுதான், விடேன் என்றார். உன் அப்பா பொய் சொன்னால் தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வார், அன்றைக்குத் தட்டில் ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் தட்டையே பார்த்தார். அதற்குப் பிறகு நான் அவரைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி கவனிக்க ஆரம்பித்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி என்று ஒரு பெண் புதிதாக வந்திருந்தாள், உன் வயதுதான் இருக்கும், டிரைவர்கள் சீட்பெல்ட் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்ததும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்னப் பெட்டி பொருத்தினாள், வேகமாகப் போனாலோ சட்டென்று பிரேக் போட்டாலோ அது கத்தும். வயதான டிரைவர்களை வீட்டுக்கு அனுப்பத்தான் இவளைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு, எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன். ஒருநாள் டயர் வைக்கும் அறையில் அவளும் உன் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் போனதும் பேச்சு நின்றது. உன் அப்பா ஒரு டயரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சரியாக ஒரு வாரம் கழித்து, வெளியூர் ஆஸ்பத்திரிக்கு லோடு, ராத்திரி அங்கேயே தங்கிட்டுக் காலைல வர்றேன் என்றார். நானும் துணிமணி எடுத்து வைத்து அனுப்பினேன். காலையில் போய் ஜன்னலைத் திறந்தால் அவருடைய வேன் சாவி கொக்கியில் அமைதியாகத் தொங்குகிறது. வேறு வண்டியில் போயிருப்பாரோ என்று பார்த்தால் வெளியே போன சாவிகள் அத்தனைக்கும் ஆள் தெரிகிறது. உன் அப்பா மத்தியானம் வேலைக்கு வந்தார். நெற்றியிலும் கன்னத்துக்கு மேலேயும் வட்ட வட்டமாகச் சிவந்த தழும்பு, தலைமுடியில் அங்கங்கே பசை. கொசு கடிச்சுடுச்சு என்றார். பசை தடவிவிட்டுக் கடிக்கிற கொசுவை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சித்தியிடம் இந்தத் தடவை சொல்லவில்லை, சொன்னால் அவள் நேரில் கிளம்பி வந்துவிடுவாள். மனதுக்குள் போட்டுக் குமைந்துகொண்டே இருந்தேன். நான் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், உன்னிடம் என்ன மறைப்பு. அடுத்த தடவை வெளியூர் லோடு என்று அவர் சொன்னபோது, சரிங்க, பத்திரமாப் போயிட்டு வாங்க என்று தேனாகப் பேசி அனுப்பிவிட்டு, உன் தம்பியிடம் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே கிளம்பினேன். அவர் கம்பெனிப் பக்கமே போகவில்லை. பஸ் ஏறினார், நான் பின்வாசல் வழியாக ஏறி ஒரு தடித்த ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆனால் உன் அப்பாவை ஒளிந்து பின்தொடரத் தேவையே இல்லையடி, ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். பொழுது சாயும் நேரம், பஸ்ஸில் பாட்டு, கூட்டம், சத்தம், அதற்கு நடுவில் அவர் குறட்டை கடைசி வரிசை வரை கேட்டது. ஒரு பையன் சிரித்தான், எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, நானும் சிரித்துவிடலாம் போலவும் இருந்தது. அவர் இறங்கிய இடத்தில் ஒரு மாடிக் கட்டடம், கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே ஒரு பல் டாக்டர், அதற்கும் மேலே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தளம். அந்தத் தளத்துக்குத்தான் போனார். வாசலில் யார் நின்றுகொண்டிருந்தது என்று நினைக்கிறாய், சீட்பெல்ட் மேடம். உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தெருவிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் நின்று பார்த்தேன், அவர் இறங்கி வரவில்லை, முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறினேன், கோபத்தில் ஏறியதால் வலி தெரியவில்லை.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், யாரைப் பாக்கணும் என்றாள். நான் அவரோட சம்சாரம், அவ எங்கே என்று கேட்டேன். எவம்மா என்றாள். பதில் சொல்லாமல் உள்ளே போய் முதல் கதவைத் தள்ளினேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கட்டிலில் உன் அப்பா. சட்டையில்லாமல், தலையிலும் மார்பிலும் காலிலும் வயர் வயராக ஒட்டி, மூக்கின்மேல் ஒரு குழாயோடு, ரிப்பேருக்குப் பிரித்துப்போட்ட ரேடியோ மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், எழுந்தால் வயர் பிடுங்கிக்கொள்ளும், உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் இந்தா, நீ எப்படி இங்க என்று கேட்டார். மேடம் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, உட்காருங்கம்மா, நானே உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னேன், சார்தான் வேண்டாம்னுட்டார் என்றாள். நான் ஊரெல்லாம் அவளைப் பற்றிச் சொல்லி வைத்திருந்ததெல்லாம் நினைவு வந்தது, உட்காரவே கூச்சமாக இருந்தது. தூக்கத்தைப் பரிசோதிக்கும் இடமாம் அது. படுத்துத் தூங்க வேண்டும், மூச்சு எப்படி வருகிறது என்று மெஷின் பார்த்துக்கொண்டே இருக்கும். நீ நர்ஸ், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன தடவையே கண்டுபிடித்துவிட்டார்களாம், இந்தத் தடவை மெஷினால் காற்று கொடுத்துப் பார்க்கிறார்களாம். குறட்டை விடும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நின்று நின்று வருகிறதாம், ஒவ்வொரு தடவையும் அவருக்கே தெரியாமல் மூளை உலுக்கி எழுப்புகிறதாம். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அது தூக்கமே இல்லையாம். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது வெறும் குறட்டை, மனுஷன் நன்றாக உழைத்துவிட்டு நன்றாகத் தூங்குகிறார் என்று இருந்தேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அந்தக் குறட்டையை மட்டும் சந்தேகப்படவில்லை.

அப்புறம்தான் அவர் சொன்னார். கேட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு லோடு எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தில் போயிருக்கிறார். கரகரவென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது, பார்த்தால் வேனின் இடது பக்கம் முழுக்கப் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் தேய்த்துக்கொண்டே போகிறது. நிறுத்தி இறங்கியிருக்கிறார். கொஞ்சம் முன்னால், அதே கைப்பிடியை ஒட்டி, ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தாளாம். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவளுக்கு இன்று வரை தெரியாது. இவர் டிங்கர் கடைக்குப் போய், கேட் உரசிவிட்டது என்று சொல்லியிருக்கிறார், சாயங்காலத்துக்குள் வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கிவிட்டார்கள், எல்லோருக்கும் விடுமுறை கிடைத்தது, இவருக்குக் கடிகாரமும் கிடைத்தது. அந்தக் கடிகாரத்தைக் கையில் வாங்கினதுலேருந்து அந்தப் பொண்ணோட முதுகு கண்ணுல நிக்குது என்றார். அதனால் தானாகப் போய் மேடத்திடம் சொல்லியிருக்கிறார். வேலை போகும் என்று நினைத்துத்தான் சொன்னாராம். அவள் வேலையை விட்டு எடுக்கவில்லை, கம்பெனி செலவில் இங்கே அனுப்பினாள், டாக்டர் சரி என்று எழுதித் தரும் வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அப்போதிருந்து அவர் வண்டியே ஓட்டவில்லை, டயர், விளக்கு, பிரேக் பார்க்கும் வேலைதான், அதையும் என்னிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் என்னிடம் சாவி வாங்கி வேறு டிரைவரிடம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், நானும் கொடுத்திருக்கிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உன்கிட்ட சொன்னா அன்னைக்கே சாவி தரமாட்டே, அப்புறம் நான் என்ன மனுஷன் என்றார். கொடுத்திருக்கமாட்டேன்தான்.

மேடம் மறுவாரமே அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டாள். விபத்தே இல்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது, சின்னச் சின்ன உரசலெல்லாம் தெரிந்தால்தான் பெரியது வராமல் தடுக்க முடியும் என்று கூட்டத்தில் சொன்னாள், என்னைப் போலவே சந்தேகப் பிராணி என்று அப்போதுதான் எனக்கு அவள்மேல் பிரியம் வந்தது. இனிமேல் கீறல் போட்டவர் அன்றைக்கே வந்து சொன்னால் ஒன்றும் இல்லை, மறைத்தால்தான் நடவடிக்கை. விடுமுறையும் பலகையோடு போனது. அதற்குக் காரணம் உன் அப்பா என்று எப்படியோ வெளியில் தெரிந்துவிட்டது. கூடவே சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்கள். கடிகாரத்தையும் வாங்கிக்கிட்டு எங்க லீவையும் வாங்கிட்டான் என்று அவர் காதுபடவே பேசினார்கள். உன் அப்பா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒருநாள், மலை மாதிரி இருப்பாரே, தண்ணி லாரி என்று பட்டப்பெயர் வைத்திருப்பார்களே அந்த டிரைவர், ஜன்னல் பக்கம் வந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அக்கா, அண்ணன் போன அந்த இடம் எங்க இருக்கு, என் வீட்டுக்காரி என் குறட்டை தாங்காம பொறந்த வீட்டுக்குப் போறேங்கிறா என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள், ஆனால் எல்லோரும் இல்லை, சிலர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள். மேடம் எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். சாவி கொடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரையும் முகத்தைப் பார்த்து, நல்லா தூங்கினீங்களா என்று கேட்க வேண்டும், பதில் சரியில்லை என்று தோன்றினால் சாவி கொடுக்காமல் அவளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். சந்தேகப்படுவதற்கே சம்பளம் கொடுக்கிற இடம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று உன் தம்பி கேட்கிறான். காய்ச்சல் மாத்திரை போட்டவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், பச்சைக்குழந்தை அழுது தூங்காதவர் எல்லோரும் என்னிடம் மாட்டிக்கொள்கிறார்கள். உன் அப்பா இப்போது ராத்திரியில் மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார், மெஷின் காற்று கொடுக்கிறது, குறட்டையே இல்லை, வீடு நிசப்தமாக இருக்கிறது. அந்த நிசப்தத்தையும் நான் நம்புவதில்லை, மூச்சு வருகிறதா என்று கையை வைத்துப் பார்க்கிறேன். மறுபடி ஓட்ட விடுவார்களா என்று இன்னும் தெரியாது, டாக்டர் பிடி கொடுக்காமல் பேசுகிறார். சும்மா இருக்கும்போது அவர் கை தானாக கியர் மாற்றுகிறது, பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், நழுவப் பார்க்காதே. உன்னோடு அறையில் இருக்கும் தோழிக்கு நான் போன் செய்தேன். கோபம் வரட்டும், பரவாயில்லை. அவள் நல்ல பெண், முதலில் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை, நான் விடாமல் கேட்டதும் சொல்லிவிட்டாள். நீ விடும் குறட்டையால் அவள் படுக்கையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாளாம். காலையில் எழுந்ததும் தலைவலி என்று மாத்திரை போடுகிறாயாம். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே தூங்கி, ஸ்பூன் கீழே விழுந்த சத்தத்தில் விழித்தாயாம். நீ நர்ஸ், அடுத்தவர்களுக்கு இப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் அனுப்புவாய், உனக்கு என்றால் தூண். உன் அப்பாவின் மூக்கு, அப்பாவின் தாடை, அப்பாவின் பிடிவாதம் எல்லாம் உனக்கு வந்திருக்கிறதே, தொண்டை மட்டும் என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தாயா. உங்கள் கம்பெனியிலும் பலகை மாட்டாத குறையாக நல்ல ஓட்டுநர் வரிசை என்று ஒன்று வைத்து உங்களையெல்லாம் வாய் திறக்காமல் பண்ணியிருக்கிறார்கள். அந்த வரிசையில் உன் பெயர் இருந்து எனக்கு ஆகப்போவது என்ன. நாளைக்கே போய் மேலதிகாரியிடம் உள்ளதைச் சொல். வேலைக்கு வேட்டு வைத்தாலும் வைக்கட்டும், இங்கே ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும் உனக்கு எப்போதும் இருக்கிறது. அதோடு தினமும் சரியாகச் சாப்பிடு, வெறும் காப்பியில் காலம் தள்ளாதே, இராத்திரி வேலை முடிந்ததும் காரிலேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடலாம் என்று நினைக்காதே, எவனாவது கதவைத் தட்டுவான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் உன் அப்பாவிடம் தூண் கதையைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அவ தூங்கினாளான்னு கேட்டியா என்றார். கேட்டேன், தூங்கவே இல்லை, முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் என்று சத்தியம் செய்கிறாள் என்றேன். அப்புறம் அவர் டாக்டரிடமும் மேடத்திடமும்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னார், உனக்கு எழுதச் சொன்னதும் அவர்தான். பாலத்துல நான் தூங்கினப்போ எனக்குக் கனவு வந்துச்சு. கனவுலயும் நான் வேன்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். அதே பாலம், அதே வெயில். ஓரத்துல ஒருத்தி குழந்தையோட நடந்து போறா, நான் பார்த்துட்டேன், வேகத்தைக் குறைச்சேன், நல்லா ஒதுங்கி அவளைத் தாண்டிப் போனேன். எல்லாம் சரியாத்தான் பண்ணினேன். யாராவது கேட்டிருந்தா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்னு நானும் சத்தியம் பண்ணியிருப்பேன். இவ்வளவுதான் சொன்னார், எழுந்து போய்விட்டார்.

அதனால் தூங்கவில்லை என்று எனக்குப் பதில் எழுதாதே, அது உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், கை கால் சுகத்தோடு, நல்ல மனுஷர்கள் சூழ இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, தம்பி அன்பைச் சொல்லச் சொன்னான். பரிசோதனைக்குப் போகும் நாளை எனக்குச் சொல், போனதற்கு அடையாளமாக அந்த வயர்களோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, வாய்வார்த்தை போதாது. கார் சாவியை இன்றைக்கே உன் தோழியிடம் கொடுத்துவிடு, நீ கேட்டால் தரக்கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் சொல்லும் வரை பஸ்ஸில் போ. பஸ்ஸில் தூங்கு கண்ணு, எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கு, இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போனால் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா